பரிமாற்றச் சங்கத்தைத் தலைகீழாகத் திருப்புவது எப்படி? கொங்குக் கிளைகளுக்குச் சில ஏடாகூடமான யோசனைகள்

உங்கள் ஊரிலும் வெளிநாட்டு மாணவர் பரிமாற்றச் சங்கம் ஒன்றின் கிளை இருக்கும், பெயர் என்னவாகவும் இருக்கட்டும். வருடா வருடம் நாலைந்து பிள்ளைகள் ஜெர்மனிக்கோ பிரேசிலுக்கோ போவார்கள், அங்கிருந்து ஒன்றிரண்டு பேர் இங்கே வருவார்கள், போனால் ஒரு விழா, வந்தால் ஒரு விழா, இரண்டுக்கும் ஃப்ளெக்ஸ். போன பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மில்லுக்காரர் பேத்தி, டாக்டர் மகன், எக்ஸ்போர்ட்காரர் மகள் என்றுதான் இருக்கும். சங்கமே இல்லாவிட்டாலும் டிக்கெட் போட்டுப் போய்வரக்கூடிய வீடுகள். உலகப் போர்களைப் பார்த்து மனம் வெறுத்தவர்கள் ஆரம்பித்து வைத்த ஒரு வேலை நம் பக்கம் வந்து, விசா வாங்கித் தருகிற டிராவல்ஸ் மாதிரி ஆகிவிட்டது. இதை மாற்றவேண்டும் என்று கிளைக்குள்ளேயே இருந்து முனகிக்கொண்டிருக்கிற இளவட்டங்களுக்காக எழுதுகிறேன். தலைமையகம் மாறட்டும், அப்புறம் நாம் மாறுவோம் என்று உட்கார்ந்திருந்தால் தலை நரைத்துவிடும். கிளையில் கை வையுங்கள்.

முதல் எதிர்ப்பு எப்படி வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். "பெரியவங்க ஆரம்பிச்சு வெச்சதுங்க தம்பி, அதைப் போயி எதுக்கு நோண்டிட்டு." இதற்கு ஏஎஃப்எஸ் (அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்) என்கிற மாணவர் பரிமாற்ற அமைப்பின் கதையைச் சொல்லுங்கள். 1915-இல் அது தொடங்கியபோது மாணவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பிரான்ஸில் காயம்பட்ட சிப்பாய்களை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன அமெரிக்கத் தன்னார்வ ஓட்டுநர்களின் அமைப்பு அது. இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலைதான் பார்த்தார்கள். போர் முடிந்த பிறகு, இனி ஆம்புலன்ஸ் ஓட்டி என்ன ஆகப்போகிறது என்று யோசித்து, 1947-இல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அழைத்து வர ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர்களே வேலையை அடியோடு மாற்றியிருக்கிறார்கள், நாம் ஒரு தேர்வு முறையை மாற்றினால் குடி முழுகிவிடாது. பெரியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள், பேச்சை மட்டும் மாற்றுவார்கள். விடாதீர்கள்.

யோசனைக்கு முன்னால் கணக்கு

கூட்டத்தில் எழுந்து புதுமையாக ஏதாவது பேசுவதற்கு முன்னால், ஒரு பிள்ளை கட்டுகிற பணம் எங்கெங்கே போகிறது என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். விமானம் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, சர்வதேச அலுவலகத்துக்கு எவ்வளவு, தேசிய அலுவலகத்துக்கு எவ்வளவு, கிளையில் நிற்பது எவ்வளவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழுவில் வைத்தாக வேண்டும், பதிவாளருக்கும் அனுப்பியாக வேண்டும். ஆகவே கேட்பதில் தப்பே இல்லை. தாள் கைக்கு வந்ததும் விழாச் செலவை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, மண்டப வாடகை, சாப்பாடு. அந்தத் தொகையை வாய்விட்டுப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், மேலே ஒரு வார்த்தை வேண்டாம். பின்னால் வரப்போகிற எல்லாப் பேச்சிலும் "பணம் எங்கே இருக்குதுங்க?" என்று கேட்பார்கள். பதில் அந்தத் தாளில் இருக்கிறது.

வாங்கினால்தான் அனுப்பலாம்

நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் அச்சு. இன்றைக்குக் கிளைகள் முதலில் யாரை அனுப்பலாம் என்று பேசி முடித்துவிட்டு, அப்புறம் வருகிற பிள்ளைக்கு வீடு தேடி அலைகின்றன. இதைத் திருப்புங்கள். ஒரு வீடு தயாரானால் ஒரு சீட்டு, மூன்று வீடு தயாரானால் மூன்று சீட்டு, வீடே இல்லையென்றால் அந்த வருடம் யாரும் போகவேண்டாம். ரோட்டரியின் நீண்டகாலப் பரிமாற்றமே ஏறக்குறைய இந்தக் கொடுக்கல் வாங்கல்தான், வீட்டுக்காரருக்குப் பணம் கிடையாது, அவரவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைதான். நம் பக்கம் பாதி மறந்துபோனதை விதியாக எழுதிவைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, யார் வீடு? படிவத்தில் தனி அறை, ஏசி, கார் என்று கேட்டிருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம், சென்னிமலையில் போர்வை நெய்கிற வீடு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிற வீடு, திருப்பூரில் ஓவர்லாக் அடிக்கிற அம்மா எல்லோரும் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள்தான். தறிச் சத்தத்தில் புதுப் பிள்ளை தூங்கமுடியாது, அது உண்மை. அதற்கு ஒரே தெருவில் மூன்று வீடுகளைச் சேர்த்துப் பதியுங்கள்: படுக்கை ஒரு வீட்டில், காலைச் சாப்பாடும் பள்ளிக்கு அனுப்புவதும் இன்னொரு வீட்டில், சாயங்காலம் மூன்றாவது வீட்டில். ஒரே குடும்பத்தின் தலையில் எல்லாச் சுமையும் விழாது, அரிசிம்பருப்பு தினமும் வந்தாலும் மூன்று கைப்பக்குவத்தில் வரும். முக்கியமாக, வந்த பிள்ளையை மூன்று வீட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வராதீர்கள். குளியலறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கும், ஆனால் கதவு நிலையில் ஓட்டை சேராமல் நிற்கும், இழுத்தால் திறந்துகொள்ளும், வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருக்கும். வருகிற பொண்ணு உள்ளாடையை எங்கே காயப்போடுவாள் என்று வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், மொட்டைமாடியா, எல்லோரும் நடக்கிற வாசலா? ராத்திரி வீட்டில் யார் யார் படுக்கிறார்கள், யார் திடீரென்று வந்து தங்குவார்கள்? போர்வெல் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன ஏற்பாடு? மாதவிடாய் நாட்களில் அந்த வீட்டில் என்ன வழக்கம், வருகிறவளும் திண்ணையில்தான் உட்காரவேண்டுமா? இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட ஒரு அக்காவை அழைத்துக்கொண்டு போங்கள், கேட்காமல் மட்டும் வராதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சங்கங்களில் யாரும் பேசுவதில்லை. உங்கள் கிளையின் வீட்டுப் பட்டியலை எடுத்துச் சாதி பார்த்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. "நம்ம ஆளுங்க வீடுதானுங்களே?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்பார், அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பட்டியல் அடிபட்டுப்போகும். அருந்ததியர் தெருவில் வீடு தேடாத கிளை உலக சகோதரத்துவம் பேசக்கூடாது என்பது என் கட்சி. வருகிற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டும் வருவதில்லை. தோட்டத்து வீட்டில், வேலைக்கு வந்தவருக்கு மட்டும் சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்துக் கழுவி, அதில் எட்ட நின்று டீ ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, பதினாறு வயசுப் பையன் "அந்தத் தாத்தா ஏன் நம்முடன் உட்காரவில்லை?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பான். வீட்டுக்காரர் சிரித்து மழுப்புவார். பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியை நீங்களே முன்கூட்டிப் போட்டு உடையுங்கள், வீட்டுக்காரர்களும் இருக்கும்போதே. அதைக் கேட்டு இரண்டு வீடுகள் பட்டியலிலிருந்து விலகினால் விலகட்டும்.

சட்ட வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளை வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் தெரிவித்தாக வேண்டும், தெருவில் மூன்று வீடு என்றால் படுக்கை இருக்கிற வீட்டின் முகவரி. பாஸ்போர்ட் பிள்ளையிடமே இருக்கவேண்டும், "பத்திரமா இருக்கட்டும்" என்று யாரும் பீரோவில் வைத்துப் பூட்டக்கூடாது. டூரிஸ்ட் விசாவில் வந்து பள்ளியில் உட்காரலாமா என்பதைத் தூதரகத்திடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தை உதவாது.

நேர்காணலை எடுத்துவிட்டுக் குடத்தை வையுங்கள்

அனுப்புகிற பிள்ளைகளை இங்கிலீஷ் நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஜெர்மன் பள்ளியில் பாடம் ஜெர்மனில்தான் நடக்கப்போகிறது. அப்படியானால் இங்கிலீஷ் நேர்காணல் எதைத்தான் வடிகட்டுகிறது? எந்தப் பள்ளியில் படித்தது என்பதை மட்டும்தான். ஆகவே குறைந்தபட்சத் தகுதியை எழுதிவையுங்கள்: பத்தாம் வகுப்பு, அப்பா அம்மா இருவர் சம்மதம், உடல்நலச் சான்று, தெருவில் மூன்று வீட்டு ஏற்பாட்டுக்கு அக்கம்பக்கத்தார் சம்மதம். இதைத் தாண்டியவர்கள் எல்லோர் பெயரையும் குடத்தில் போட்டுக் குலுக்குங்கள்.

சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் எடுப்பதை இப்படித்தான் விவரிக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிலமும் சொந்த வீடும் வேதப்படிப்பும் கேட்ட பிராமணர் சபையின் முறை அது, அந்தத் தகுதிகள் நமக்கு வேண்டாம். ஆனால் அதே கல்வெட்டில் இருக்கிற தகுதியின்மைப் பட்டியலை அப்படியே எடுத்து நம் நிர்வாகக் குழுவுக்குப் போடலாம்: கடந்த மூன்று வருடத்துக்குள் பொறுப்பில் இருந்தவர் கூடாது, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் கூடாது. கடைசி வரியைப் பொதுக்குழுவில் படிக்கும்போது யார் யார் தரையைப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோளாறு உண்டு. 1948-இல் தொடங்கிய ஐசெக் போன்ற மாணவர்களே நடத்துகிற அமைப்புகளில் பொறுப்புகள் பெரும்பாலும் ஒரு வருடத்தில் கைமாறிவிடும், கற்றுக்கொண்டவர் கிளம்பும்போது கற்றுக்கொண்டதும் கூடவே கிளம்பிவிடும். ஆகவே மூன்று வருடப் பொறுப்பு, அப்புறம் மூன்று வருட ஓய்வு என்று வையுங்கள்.

மாணவர்களுக்குக் குடம் இரண்டு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று, தனியார் பள்ளிக்கு ஒன்று, சீட்டில் சரிபாதி. அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் பாஸ்போர்ட் இருக்காது, அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஆகவே குலுக்கல் முடிந்த வாரமே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய்தான், பணத்தைவிட ஆதாரில் ஒரு எழுத்தும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்துமாக இருக்கிற பெயர்தான் இழுத்தடிக்கும்.

வருடம் வேண்டாம், ஏப்ரலும் ஆடியும் போதும்

ஒரு முழு வருடப் பரிமாற்றம் நம் வீடுகளுக்கு ஒத்துவருவதில்லை. "பிளஸ் ஒன் ஒரு வருஷம் போச்சுன்னா நீட் என்னாகிறதுங்க?" என்று அப்பா கேட்பார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் கல்லூரி மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 1987-இல் 11 நாடுகளையும் 3,244 மாணவர்களையும் வைத்து ஆரம்பித்து இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு ஒரு காரணம், வெளியே படித்த காலம் சொந்தக் கல்லூரியிலும் கணக்கில் சேர்ந்தது, வருடம் வீணாகவில்லை. நம் பள்ளிகளில் அந்த வசதி இல்லாததால் காலண்டரில்தான் இடுக்கு தேடவேண்டும்.

இடுக்கு இருக்கிறது. கோயம்புத்தூருக்கு ஜெர்மனியில் எஸ்லிங்கன் சகோதர நகரம், அமெரிக்காவில் டொலீடோ. எஸ்லிங்கன் இருக்கிற பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பள்ளிகள் ஜூலைக் கடைசி வரை நடக்கும், கோடை விடுமுறை அதற்கப்புறம் செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும். நமக்கோ பத்தாவது பொதுத்தேர்வு முடிந்தால் ஜூன் வரை சும்மா. ஏப்ரல், மே மாதம் நம் பிள்ளை அங்கே போனால், நடுவில் வருகிற விடுமுறைகள் போக, வகுப்பிலேயே உட்காரலாம், வெறும் சுற்றுலாவாக இருக்காது. அவர்கள் விடுமுறையில் ஆகஸ்டில் இங்கே வந்தால் நம் பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஆடிப்பதினெட்டுக்குப் பவானி கூடுதுறையில் கூட்டத்தோடு நிற்கலாம், ஆகஸ்டு 15-க்குக் கொடியேற்றத்தில் மிட்டாய் வாங்கலாம். ஒருவருக்கும் ஒரு வருடம் போகாது. ஜெர்மனிக்குப் போக வாங்கவேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். விரல்ரேகை கொடுக்கிற நாளைப் பொதுத்தேர்வு அன்றைக்கு வாங்கித் தொலைத்துவிடாதீர்கள், ஜனவரியிலேயே முடியுங்கள்.

அப்புறம் என் ஏடாகூடத்திலேயே பெரிய ஏடாகூடம் இதுதான். வெளிநாடு போகிற ஒவ்வொரு பிள்ளையும் அதற்கு முன்னால் ஒரு வாரம் ஒடிசாவிலோ பீகாரிலோ, திருப்பூரிலோ பெருந்துறையிலோ வேலை பார்க்கிற ஒருவருடைய சொந்த ஊரில், அவர் வீட்டில் தங்கிவிட்டு வரவேண்டும். கூடவே சங்கத்தார் ஒருவரும், அந்தத் தொழிலாளியும். காலாண்டு விடுமுறை போதும், ரயில் செலவுதான். தினமும் பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவரை "இந்திக்காரங்க" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு ஜெர்மனிக்குப் போய்ப் பண்பாட்டுத் தூதராக நிற்பது எனக்குச் செரிக்கவில்லை. பாஷை தெரியாத ஊரில், தண்ணீர் எங்கே என்று சைகையில் கேட்டுப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பும் இல்லை. சேர்ந்து வேலை செய்வதன் மூலம்தான் பழகமுடியும் என்பது பழைய யோசனைதான். 1920-இல் சுவிட்சர்லாந்துக்காரர் பியர் செரசோல் ஆரம்பித்த எஸ்சிஐ (சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்) என்கிற தன்னார்வ அமைப்பு போரில் இடிந்த ஊர்களைக் கட்டத்தான் ஆட்களைக் கூட்டியது, 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு அவரே அங்கே வந்து வேலை பார்த்தார்.

பணத்துக்கு மொய் நோட்டு

அரசுப் பள்ளிக் குடத்தில் வந்த பிள்ளைக்குப் பணம்? விழாச் செலவை வெட்டினால் கொஞ்சம் வரும். மீதிக்கு மொய் நோட்டுப் போடுங்கள். இதுவரை போய்வந்தவர்கள் எல்லோர் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு எவ்வளவு, எந்த வருடம் வைக்கிறார்கள் என்று நோட்டில் ஏற்றுங்கள். நோட்டு கூட்டத்தில் எல்லோர் கையிலும் போகட்டும். நன்கொடை கேட்டால் நழுவுகிற ஆள்கூட மொய் பாக்கி என்றால் வைத்துவிடுவார், நம் ஊர் மானம் அப்படி. ஏலச்சீட்டு நடத்தலாம் என்று யாராவது கிளப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 1982 சிட்ஃபண்டு சட்டப்படி பதிவில்லாமல் நடத்தினால் வம்பு.

வெளிநாட்டுப் பணம் இன்னும் பெரிய வம்பு. இங்கே தங்கிப்போன பிள்ளையின் அப்பா பாசத்தில் இருநூறு யூரோ கிளைக் கணக்குக்கு அனுப்புவார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் இருக்கிற தனிக் கணக்கில்தான் வந்து விழவேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் கொடுத்தாலும் அதே சட்டம்தான். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு துபாயில் இருக்கிறவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை.

புகார் யாரிடம் போகும்?

இது சின்ன இடம், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் அல்லது வியாபாரம். வீட்டுக்காரரும் கிளைத் தலைவரும் ஒன்றாக நூல் வாங்குகிறவர்களாக இருப்பார்கள், பிள்ளை அழுதால் "சரி பண்ணிக்கலாம்" என்று அடங்கிவிடும். ரோட்டரியில் பிள்ளை குறையைச் சொல்ல ஒரு ஆலோசகர் உண்டு, அவர் அந்த வீட்டைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. நீங்கள் ஒரு படி மேலே போய், ஆலோசகர் இரண்டு பேர், இருவரும் சங்கத்தையே சேராதவர்களாக இருக்கவேண்டும் என்று வையுங்கள், ஒருவராவது பெண். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வக்கீல், யாராவது. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வெளியே, பேக்கரியிலோ பார்க்கிலோ பிள்ளையைத் தனியாகப் பார்க்கவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மேல் பாலியல் குற்றம் என்றால் 2012 போக்ஸோ சட்டம், தகவல் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், மூடி மறைத்தால் அவர் மேலும் வழக்கு வரும். இதைத் தமிழில் எழுதி எல்லா வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "எங்க மேல நம்பிக்கை இல்லைங்களா?" என்று கோபித்துக்கொள்வார்கள். நம்பிக்கை இருக்குதுங்க, கையெழுத்தும் வேணுமுங்க என்று சொல்லுங்கள்.

நிறைவேற்றுவது

கூட்டத்தில் வைத்து வாக்கெடுப்பில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். கூட்டத்துக்கு முந்தைய வாரம் பொருளாளர் வீட்டுக்குப் போங்கள். தலைவர் மேல் பொருளாளருக்கு எப்போதும் ஒரு மனக்குறை இருக்கும், எந்தச் சங்கத்திலும் இது உண்டு. துணைவிதித் திருத்தம் என்று பேசவே பேசாதீர்கள், "ஒரு வருஷம் மட்டும், ஒரே ஒரு சீட்டுக்கு மட்டும், சோதனைக்குங்க" என்று கேளுங்கள். ஒரு சீட்டுக்குக் குடம், அந்த ஒரு பிள்ளைக்காக ஒரு தெருவில் மூன்று வீடு. அதை யாரும் எதிர்க்கமாட்டார்கள், எதிர்த்தால் ஏன் என்று சொல்லவேண்டி வருமே.

தலைமையகத்தோடு மோதவேண்டாத இடங்கள் மூன்று: காப்பீடு, குழந்தைப் பாதுகாப்பு விதி, விசாக் கடிதங்கள். அவற்றில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள், தொட்டால் கிளையின் அங்கீகாரமே போய்விடும். தேர்வு முறை, வீட்டுப் பட்டியல், விழா, நிதி ஆகியவை பெரும்பாலும் உங்கள் கையில்தான். இருந்தாலும் ஒப்பந்தத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட்டு இறங்குங்கள், கிளையில் அதைப் படித்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

காலக்கணக்கு: காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் குலுக்கல், அந்த விடுமுறையில் ஒடிசா, தீபாவளிக்குள் பாஸ்போர்ட், பொங்கலை ஒட்டி விசா, பொதுத்தேர்வு முடிந்த அடுத்த வாரம் விமானம். ஆடிக்கு விருந்தாளி வரவேண்டுமென்றால் அந்தக் குலுக்கலுக்கு முன்பே தெருத் தெருவாகப் போய் வீடு பார்த்து வைத்திருக்கவேண்டும். திரும்பி வந்த பிள்ளைக்கு மேடையும் மைக்கும் வேண்டாம். ஆடிக்கு வருகிற பிள்ளையை விமான நிலையத்தில் போய் அழைத்துவருவதும், முதல் வாரம் கூடவே பஸ் ஏறுவதும் அவன் வேலை என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.